சாவியைத் தபாலில் அனுப்பாதே

வெள்ளிக்கிழமை, விடுமுறையின் ஆறாம் நாள்

போனை எடுக்காத அண்ணனுக்கு,

வாலு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க உடம்பில் தெம்பு இருக்காது. போன் செய்தால் கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் எப்படியும் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்த ஒரு வரி இதுதான்: நம் காரின் என்ஜினை நான் கழற்றி வெளியே எடுத்துவிட்டேன்.

இப்போது கிழிக்க மாட்டாய். தெரியும்.

முகவரி கொடுத்ததற்காக உன் சிநேகிதன் சோடாபுட்டியைத் திட்டாதே. மூன்று நாள் வாயே திறக்கவில்லை, பாவம். நான்காம் நாள் அவன் கண்ணாடியை எடுத்து ஒளித்து வைத்தேன். சுவரைப் பார்த்து என்னிடம் கெஞ்சினான். துறைமுகக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிற வேலை, ஒரே அறையில் ஐந்து பேர் என்று சொன்னான். அம்மாவிடம் இரண்டு பேர் என்று குறைத்துச் சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

நீ போன பிறகு இரண்டரை மாதம் கார் ஷெட்டில் அப்படியே நின்றது. அப்பா அதைப் பார்க்கவே மாட்டார், சுவர் ஓரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். இப்போது யாரோ ஒரு கம்பெனியின் வேனை ஓட்டுகிறார். வேலை முடிந்ததும் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வருகிறார். பதினெட்டு வருஷம் சொந்த டாக்சிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தவர். இப்போது அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் கதவில் தாளம் போடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை இரும்புக்கடைக்காரரைக் கூட்டி வந்தார். சாட்சிக்குத் தெருமுனை மெக்கானிக். இரும்புக்கடைக்காரர் வண்டியை முன்னாலும் பின்னாலும் தட்டிப் பார்த்தார், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பானெட் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா இறங்கு என்றார். இறங்கவில்லை. மெக்கானிக் மாமா மிகவும் அன்பாக, "பாப்பா, இந்த என்ஜின் செத்துப்போச்சு. கட்டிப்பிடிச்சு அழுவலாம், எழுப்ப முடியாது" என்றார். "நீங்க எப்போ மாமா டாக்டர் ஆனீங்க, சாவு சர்டிபிகேட் எல்லாம் குடுக்கிறீங்க" என்று கேட்டேன். பிறகு, என் வாய்தான் உனக்குத் தெரியுமே, மூளையிடம் கேட்காமலே வேலை செய்யும், "நானே பிரிச்சு, நானே சேர்த்து, ஓட வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டது.

மூவரும் சிரித்தார்கள். அண்ணா, அப்பாவும் சிரித்தார். நீ போன பிறகு முதல் தடவை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

பந்தயம் இப்படி முடிந்தது: பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலத்துக்குள் வண்டி ஸ்டார்ட் ஆனால் நம்முடையது. ஆகாவிட்டால் இரும்புக்கடைக்காரருடையது. இதில் வேடிக்கை, என்ஜினைத் தூக்கச் சங்கிலிக் கப்பியை இரவல் கொடுத்தவரே அவர்தான். எப்படியும் நான் கழட்ட வேண்டியதுதானேம்மா, நீ கழட்டி வச்சா எனக்கு ஒரு வேலை மிச்சம் என்றார். எதிரியின் ஆயுதத்தை வாங்கிச் சண்டை போடுகிற தங்கை உனக்கு இருக்கிறாள் என்று உன் அறையில் உள்ள நான்கு பேரிடமும் சொல்.

ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் கப்பியை மாட்டினோம். நான் சங்கிலியை இழுக்க, சோடாபுட்டி என்ஜினைப் பிடித்து ஆட்டி ஆட்டி விட, முக்கால் மணி நேரத்தில் மேலே வந்தது. தொங்கும்போது அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு பார்த்தால் இதுக்காடா இத்தனை வலி என்று தோன்றுமே, அப்படி.

அதற்கு முன் எண்ணெயை வடிக்க அடியில் உள்ள திருகைத் திறந்து பேசின் வைத்துக் காத்திருந்தேன். ஒரு டம்ளர்கூட வரவில்லை. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

சாவி உன்னிடம்தானே இருக்கிறது? அன்றைக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாய். தொலைத்துவிடாதே. மாற்றுச் சாவியை நான் ஆறு வயதில் சாக்கடையில் போட்டு ஆழம் பார்த்துவிட்டேன்.

பெரியவர்களுக்கு மரியாதையோடும் உனக்கு அது இல்லாமலும்,
வாலு

*

திங்கட்கிழமை, நான்காவது வாரம்

பதில் போடாத அண்ணனுக்கு,

வணக்கம். முதல் கடிதம் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டுமானாலும் நீ ஒரு கடிதம் போட வேண்டும்.

ஷெட்டுக்கு வந்தால் நீ அலறுவாய். தரையெல்லாம் பழைய போர்வை. போர்வையெல்லாம் உதிரிபாகம். ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயரோடு சாப்பாட்டு டப்பாக்களில் இருக்கிறது. அம்மா மதியத்துக்கு எடுத்துப் போக டப்பா தேடினாள். எல்லா டப்பாவிலும் நட்டு. ஒரு வாரமாகக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறாள். வண்டி விஷயத்தில் அவள் எதுவுமே சொல்வதில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவளுக்கு விடுமுறை நாளானால் அதே வாசலை இரண்டு தடவை பெருக்குகிறாள்.

எனக்கு வாத்தியார் யாரும் இல்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ரிப்பேர் புத்தகம் ஒன்று இருக்கிறது, முதல் அத்தியாயத்தில் பாதி எலி தின்றது. எலி தின்ற பகுதியில்தான் "தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை" இருந்தது. ஆகையால் கவனிக்காமல் தொடங்கினேன். மெக்கானிக் மாமா தினமும் ஒரு தடவை ஷெட் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ச்சுச்சு கொட்டிவிட்டுப் போகிறார்.

ஹெட்டைக் கழற்றினேன். என்ஜினுக்குத் தலை கழன்றால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன்; எனக்குக் கழன்று ரொம்ப நாளாகிறது என்பது அம்மாவின் அபிப்பிராயம். பிறகு கவிழ்த்து, அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைப் பிரித்தேன். நான்கு பிஸ்டன், நான்கு கனெக்டிங் ராடு. ஒவ்வொரு ராடும், சுற்றுகிற தண்டான கிராங்கைக் கட்டிப்பிடித்திருக்கும் இடத்தில் அரைவட்டமாக இரண்டு மெல்லிய பேரிங் தகடுகள், நடுவில் எண்ணெய். மூன்றாவது ராடில் தகடே இல்லை. உருகி, கிராங்கோடு ஒட்டி, நீலமாகக் கறுத்துக் கிடந்தது. நீ நெடுஞ்சாலையில் கேட்ட அந்த டக் டக் சத்தம் இதுதான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் முகம் கழுவிவிட்டு வந்து நான்காவதைக் கழற்றினேன்.

கிராங்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து வாங்கியாயிற்று. புது பேரிங், புது ரிங், புது கேஸ்கட் எல்லாம் வந்துவிட்டன. என் சைக்கிள் எங்கே என்று கேட்காதே. அது இப்போது வேறு உருவத்தில் போர்வை மேல் கிடக்கிறது.

இனி என் மானம் போன கதை. ராடின் அடியில் ஒரு மூடி இருக்கும், இரண்டு போல்ட் போட்டு இறுக்குவது. ஒரு ராடின் மூடி இன்னொரு ராடுக்குச் சேராது. நான்கும் நான்கு ஜோடி. எண் பொறித்திருக்கும் என்கிறது புத்தகம். நம்முடையதில் பொறித்திருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது. சரி, எனக்கு மூளை இல்லையா? அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்து முதல் ராடுக்கும் மூடிக்கும் ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு என்று நான்கு வரைக்கும் அழகாக வைத்தேன். அதே மூளை மறுநாள் எல்லாவற்றையும் பெயிண்ட் தின்னரில் போட்டு ஊறவைத்துக் கழுவியது. பளபளவென்று வந்தன. அழுக்கும் இல்லை, புள்ளியும் இல்லை. நெயில் பாலிஷ் தின்னரில் கரையும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதத் தேவைப்படும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தோன்றியபடி மாட்டி இறுக்கிப் பார்த்தேன். கிராங்க் ஒரு விரல்கடை சுற்றிவிட்டு நின்றது. மாற்றி மாட்டினேன். சுற்றவே இல்லை. மெக்கானிக் மாமா வாசலில் நின்று, "போதும் பாப்பா, விளையாட்டு" என்றார். "இன்னும் டாஸே போடலை மாமா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர் தலை மறைந்ததும் பேசினைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து அழுதேன். இதை யாரிடமும் சொல்லாதே.

அப்போது அம்மா வேலை முடிந்து வந்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு ராடையும் ஒரு மூடியையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். சேருமிடத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினாள். அவள் ஆலையில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு சட்டைக் காலர் பார்க்கிறாள் என்று உனக்குத் தெரியும். கண்ணால் பார்க்கவே மாட்டாள், விரலை ஓட்டித் தையல் பிசகைப் பிடிப்பாள். "இது தடுக்குது" என்றாள். அடுத்த மூடி. "இதுவும்." அடுத்தது. நகம் வழுக்கிக்கொண்டு போனது. "இதுதான் இதோட ஜோடி" என்று என் கையில் வைத்தாள். கால் மணி நேரத்தில் நான்கையும் சேர்த்துவிட்டாள். மாட்டி இறுக்கினேன். கிராங்க் ஒரு கையால் சுற்றியது, அண்ணா. வெண்ணெயில் கத்தி மாதிரி.

கையைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: வண்டி ஓடினால் அவன் வருவானா என்று. வருவான் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே. அதில் எனக்கு ஏற்கெனவே நிறைய அனுபவம் இருக்கிறது.

கையெல்லாம் கிரீஸோடு,
வாலு

*

வியாழக்கிழமை, ஆறாவது வாரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் எனக்கு இல்லை. காகிதத்தில் ஐந்தே வார்த்தை: "ரிங் வாய்கள் ஒரே நேராக வரக்கூடாது." கையெழுத்துகூடப் போடவில்லை. அம்மா அதைப் படித்துவிட்டு முதுகுப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். சாப்பிடறானா இல்லையான்னு ஒரு வார்த்தை எழுதலையே என்றாள். ரிங் பற்றிக் கவலைப்படுகிறவன் வயிறு நிறைந்தவனாகத்தான் இருப்பான் என்று விளக்கம் சொன்னேன். நம்பிவிட்டாள். காகிதத்தைச் சாமான் டப்பாவில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நீ சொன்னது சரி. பிஸ்டனுக்கு மூன்று மூன்று மோதிரம் போட்டிருந்தேன். மூன்றிலும் வெட்டிவிட்ட வாய்கள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அப்படியே விட்டிருந்தால் வெடிப்பெல்லாம் அந்தச் சந்து வழியாகவே கீழே போயிருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

இனிமேல் எழுதப்போவதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள்.

இந்தக் காகிதத்தின் அடியில் ஒரு கறுப்புத் துண்டு ஒட்டியிருக்கிறது, பார். சுண்டுவிரல் நகமளவு இன்சுலேஷன் டேப். இரண்டு மூலை வட்டமாக வெட்டியது. வெட்டியது நான்.

வண்டி எண்ணெய் ஒழுக்கும் என்பது நமக்குத் தெரியும். வாரம் ஒரு தடவை நீதான் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்து ஊற்றுவாய். எண்ணெய் குறைவதைக் காட்டும் ஆயில் விளக்கு கொஞ்சம் மினுக்கினாலும் வீட்டுக்கு வந்து பத்து தடவை சொல்வாய். உனக்கு விளக்குப் பைத்தியம் என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு வியாழக்கிழமை அந்த விளக்கின் மேல் இந்த டேப்பை ஒட்டினேன். டாஷ்போர்டும் கறுப்பு, டேப்பும் கறுப்பு, தெரியவே இல்லை. மறுநாள் நீ அம்மாவிடம், "விளக்கு இப்போ மினுக்கறதே இல்லம்மா, தானா சரியாயிடுச்சு" என்று சொன்னாய். நான் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் மந்திரம் சொல்லி உரித்துக் காட்டுவதாகத் திட்டம்.

சனிக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். அவருடைய பழைய வாடிக்கையாளரை விமான நிலையத்துக்கு நீ கூட்டிப் போனாய். விளக்கு எரியவில்லை என்ற நிம்மதியில் அந்த வாரம் குச்சியை எடுத்துப் பார்க்கவில்லை. மீதி உனக்குத் தெரியும். ஆனால் ஒன்று தெரியாது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டபோது நீ படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்பா மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார். குடை எடுக்கப் போகிறேன் என்று சொல்லி நான் காருக்குள் போனேன். குடை எடுக்கவில்லை.

மெக்கானிக் மாமா வந்து உன் சாவியை வாங்கித் திருப்பினார். விளக்கு சுடர் மாதிரி எரிந்தது. நீ, "எரியலைப்பா, நிஜமா எரியலை" என்றாய். அப்பா சொன்னதை நான் திருப்பி எழுத மாட்டேன். வண்டியைக் கெடுத்ததைவிடப் பொய் சொன்னதற்குத்தான் அவர் அதிகம் கத்தினார். நீ சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாய். நான் கதவுக்குப் பின்னால் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விரலில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. நீ தெரு திரும்புகிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லா நேரமும் திறந்தே இருக்கும் வாய்.

நேற்று மெக்கானிக் மாமா வந்து பார்த்தார். கிராங்க் சுற்றுவதைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவும் வேலையிலிருந்து வந்து நின்றார். மாமா பெருமூச்சு விட்டு, "பையன் மட்டும் அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா பரவாயில்லண்ணே" என்றார். என் பாவாடைப் பையில் நீ எழுதிய ஐந்து வார்த்தை இருந்தது, அம்மாவின் கைப்பையிலிருந்து சுட்டது. அன்னைக்கு உண்மையைச் சொன்னது அவன் மட்டும்தான் என்றேன். ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து டேப்பை எடுத்து நீட்டினேன். முழுவதையும் சொன்னேன். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

அப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டேப்பை வாங்கினார். என்ஜின் இல்லாத காருக்குள் போய் உட்கார்ந்தார். அந்த விளக்கின் மேல் டேப்பை வைத்து அமுக்கினார். பார்த்தார். உரித்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். வெளியே வந்து டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, "எரியலைன்னு சொன்னான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வீட்டுக்குள் போகும்போது இன்னொரு தடவை சொன்னார். மெக்கானிக் மாமா முதல் தடவையாகச் ச்சுச்சு கொட்டவில்லை. அம்மா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். அது நியாயம்தான்.

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. மன்னிப்புக் கேட்டால் நீ பெரிய மனசு பண்ணி ஐந்து வார்த்தையில் கொடுத்துவிடுவாய், நான் தப்பித்துவிடுவேன். தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. நான் கெடுத்தேன், நான்தான் ஓட வைப்பேன். நீ என்னைத் திட்டி எழுது, பத்துப் பக்கம் எழுது, படிக்கிறேன். ஆனால் ஸ்பானரைக் கீழே வைக்கச் சொல்லாதே. அதை மட்டும் கேட்க மாட்டேன்.

உன் தங்கை

*

செவ்வாய்க்கிழமை, கடைசி வாரம்

அண்ணனுக்கு,

வாலு மறுபடியும். திட்டி எழுதச் சொன்னேன், அதுவும் எழுதவில்லை. சரி, நேரில் திட்ட வசதியாக இருக்கும்.

நான் சொல்லிவிட்டதற்கு மறுநாள் அப்பா கையில் ஒரு எண்ணெய் டின்னோடு வந்தார். நீ எப்போதும் ஊற்றுவாயே, அதே டின். கூடவே உன் பழைய புனலைத் தேடி எடுத்துத் துடைத்து ஷெட்டில் வைத்தார். ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்று நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை அவர் பிடித்தார். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்று. ஒரு இடத்தில் வரிசையைத் தப்பவிட்டார். "அப்பா, அது இல்ல, எதிர்ப்பக்கம்" என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். சரிம்மா என்று சொல்லி மாற்றினார். நம் அப்பா, அண்ணா. சரிம்மா.

அன்று சாயங்காலம் அம்மா, "கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றாள். அதுவரைக்கும் நான் கழுவாமலேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், கேட்க ஆளில்லாமல்.

சனிக்கிழமை என்ஜினை உள்ளே இறக்கினோம். சோடாபுட்டியின் கட்டைவிரல் நசுங்கியது. அவன் உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் மிஞ்சியது. எங்கேயுடையது என்று இரண்டு நாள் தேடினேன். மெக்கானிக் மாமாவைக் கேட்டேன். அவர் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, அது தன் சட்டைப்பையிலிருந்து விழுந்ததாக இருக்கும் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அவர் இப்போதெல்லாம் பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

ஒழுக்கு நின்றுவிட்டது. அடியில் செய்தித்தாளை விரித்து வைத்து மூன்று நாளாகிறது. ஒரு சொட்டு இல்லை. தாளில் உள்ள செய்திகளை எல்லாம் மல்லாக்கப் படுத்துக்கொண்டே படித்து முடித்துவிட்டேன். முன்பக்கம் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினால் ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வரும்போது புஸ் என்று மூச்சு விடுகிறது. நான்கும் விடுகின்றன. செத்துப்போனது என்றார்களே, அது மூச்சு விடுகிறது.

ஆனால் ஓடுமா என்று தெரியாது. இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

சாவி இல்லை அல்லவா? மெக்கானிக் மாமா நேற்று, இரண்டு ஒயரைத் தொட்டு வைத்தால் போதும், ஒரு நிமிஷ வேலை என்று குனிந்தார். நான் தடுக்க வாயெடுத்தேன். எனக்கு முன்னால் அப்பா, "வேண்டாம். சாவி வச்சிருக்கிறவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

இதை அவர் உனக்கு எழுத மாட்டார். இரண்டு தடவை காகிதத்தை எடுத்து வைத்தார். ஒரு தடவை உன் பெயரை எழுதி, கீழே புள்ளி வைத்து, மடித்துவிட்டார். அந்தக் காகிதத்தை நான் சுடவில்லை. சில விஷயங்களைச் சுடக்கூடாது என்று இந்த விடுமுறையில் கற்றுக்கொண்டேன்.

இனி முக்கியமான சமாசாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரும்புக்கடைக்காரர் லாரியோடு வருவார். அப்பா பந்தயத்தை விட்டுவிடலாம் என்றார். கெடுவை ஒரு மாதம் தள்ளி வைக்கலாம், இரும்புக்கடைக்காரரிடம் தானே பேசுகிறேன் என்றார். நான்தான் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு என்றால் ஞாயிறு. பானெட் மேல் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தவள் நான், அதை யாரும் எனக்காகத் திரும்ப வாங்க வேண்டாம். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நானே அவர் லாரியில் கயிறு கட்டி ஏற்றிவிடுவேன். ஆமாம், இது மிரட்டல்தான். உனக்குச் சந்தேகம் வேண்டாம் என்று தெளிவாகவே எழுதுகிறேன்.

தபால் இரண்டு நாளில் வந்துவிடும். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகல் பயணம் என்று சோடாபுட்டி சொன்னான். கணக்கில் நான் மோசம், இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு வருகிறது.

சாவியைத் தபாலில் அனுப்பாதே. சோடாபுட்டியிடம் கொடுத்தனுப்பாதே. அப்படி வந்தால் நான் அதையும் சாக்கடையில் போடுவேன். ஆழம் எனக்குத் தெரியும்.

நீ வந்து உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினால் முதலில் ஆயில் விளக்கு எரியும். எரிய வேண்டும். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன், பசை துளிகூட இல்லை. பிறகு முழுவதும் திருப்பு. என்ஜின் பிடித்தால், எண்ணெய் மேலே ஏறினால், விளக்கு தானாக அணையும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடு, சாயங்காலத்துக்குள் எங்கே பிசகு என்று பார்ப்போம். பார்க்க நீ இருப்பாய்.

அப்பா பக்கத்து சீட்டில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். விளக்கு எரிவதை நீ பார். அணைவதை அவர் பார்க்கட்டும்.

வந்துவிடு, அண்ணா.

வாலு